பாட்டுக்கு வாசித்தவர்: ரிங்கோ ஸ்டாரும் டிரம்ஸின் படைப்புரிமையும்

1. கேள்வி

பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரைப் பற்றி ஒரு நகைச்சுவைத் துணுக்கு நெடுங்காலமாக உலவுகிறது. ரிங்கோ உலகின் தலைசிறந்த டிரம்மரா என்று ஜான் லெனனிடம் கேட்டார்களாம். பீட்டில்ஸுக்குள்ளேயே அவர் தலைசிறந்தவர் இல்லை என்று லெனன் சொன்னாராம். லெனனின் வாய்மொழியாகவே இது திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் லெனன் இதைச் சொன்னதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. பீட்டில்ஸ் வரலாற்றாசிரியர் மார்க் லூயிசன் துருவிப் பார்த்தபோது, 1983இல் ஜாஸ்பர் கேரட் என்ற ஆங்கில நகைச்சுவைக் கலைஞர் தொலைக்காட்சியில் சொன்ன துணுக்கு அது என்று தெரிந்தது. அதற்கும் முன்பே, 1981இல், பிபிசி வானொலியின் 'ரேடியோ ஆக்டிவ்' என்ற நகைச்சுவை நிகழ்ச்சியில் அது இடம்பெற்றிருந்ததும் பின்னர் வெளிப்பட்டது. லெனன் 1980 டிசம்பர் 8 அன்று நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயரில் வழங்கும் கூற்றின் கிடைத்துள்ள தடயங்கள் எல்லாம் அவர் இறப்புக்குப் பிற்பட்டவை.

அதே 1980இல் 'பிளேபாய்' இதழுக்காக டேவிட் ஷெஃபுக்கு அளித்த நீண்ட நேர்காணலில் லெனன் உண்மையில் சொன்னது வேறு. ரிங்கோ நல்ல டிரம்மர். தொழில்நுட்ப அளவில் தேர்ந்தவர் அல்லர். ஆனாலும் பால் மெக்கார்ட்னியின் பேஸ் கிடார் வாசிப்பைப் போலவே அவருடைய வாசிப்பும் உரிய மதிப்பைப் பெறவில்லை என்பதே அவர் கருத்து.

துணுக்கின் பிறப்பு தெரிந்த பிறகும் அது வழக்கொழியவில்லை. ஏற்கெனவே பலர் மனத்தில் இருந்த ஒரு தீர்ப்புக்கு அது சொல்வடிவம் கொடுத்தது என்பதே காரணம். லெனன், மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன் மூவரும் மேதைகள், நான்காமவர் நல்ல நேரத்தில் நல்ல இடத்தில் இருந்த அதிர்ஷ்டசாலி என்பது அந்தத் தீர்ப்பு. இதற்கு எதிர்த்தரப்பும் உண்டு. ரிங்கோவை விஞ்சிய ராக் டிரம்மரே இல்லை என்று தொழில்முறை டிரம்மர்கள் பலர் அடித்துப் பேசுகிறார்கள். இரு தரப்பும் ஒரே கேள்வியைக் கேட்டு இரண்டு விடைகளைச் சொல்கின்றன: ரிங்கோ எவ்வளவு திறமைசாலி?

கேள்வியை வேறு விதமாக அமைக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. டிரம்மரின் திறமையைக் கைவேகத்தாலும் தனி ஆவர்த்தனத்தாலும் அளப்பது ஜாஸ் மேடையிலிருந்து வந்த வழக்கம். ராக் இசையின் மூலப்பிரதி ஒலிப்பதிவு. அங்கே டிரம்மரிடம் கேட்க வேண்டியது, இந்தப் பாட்டுக்கு என்ன வாசிப்பு என்பதைக் கண்டுபிடித்தவர் யார், அந்தக் கண்டுபிடிப்பு பாட்டை என்ன செய்தது என்பதுதான். இந்த அளவுகோலில் கிடைக்கும் சான்றுகளைக் கீழே வரிசையாகப் பார்க்கலாம். எல்லாச் சான்றுகளும் ரிங்கோவுக்குச் சாதகமானவை அல்ல.

2. டிங்கிளிலிருந்து ஹாம்பர்க் வரை

ரிச்சர்ட் ஸ்டார்க்கி என்ற இயற்பெயர் கொண்ட ரிங்கோ 1940 ஜூலை 7 அன்று லிவர்பூல் நகரின் டிங்கிள் பகுதியில் பிறந்தார். துறைமுகத்தை ஒட்டிய, வறுமை மிகுந்த தொழிலாளர் குடியிருப்பு அது. அவருக்கு ஏறத்தாழ மூன்று வயதாகும்போது பெற்றோர் பிரிந்தனர். தாய் எல்சி கிடைத்த வேலைகளைச் செய்து மகனை வளர்த்தார். ஆறு வயதில் குடல்வால் வெடித்துச் சீழ் பரவியதால் நினைவிழந்து கிடந்த சிறுவன், ஏறக்குறைய ஓராண்டை மருத்துவமனையில் கழிக்க நேர்ந்தது. 13 வயதில் மறுபடியும் உடல்நலக் குறைவு, நுரையீரல் நோய். இம்முறை ஹெஸ்வாலில் இருந்த காசநோய் விடுதியில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். பள்ளிப் படிப்பு அத்துடன் நின்றது.

அந்த விடுதியில் நோயாளிக் குழந்தைகளின் பொழுதுபோக்குக்காகச் சிறு தாளக் கருவிகளைக் கொடுத்து வாசிக்கச் சொல்வது உண்டு. டிரம்ஸ் மீதான பிடிப்பு அங்கே தொடங்கியதாக ரிங்கோ பலமுறை சொல்லியிருக்கிறார். கருவி கிடைக்காத நேரத்தில் கட்டிலருகே இருந்த சிறு அலமாரியைத் தட்டியிருக்கிறார். வெளியே வந்தபின் ரயில்வேயில் சில நாள், படகில் பரிமாறுபவராகச் சில காலம், பிறகு உடற்பயிற்சிக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் தொழில் பழகுநர் என்று வாழ்க்கை நகர்ந்தது. 1957இல் அதே தொழிற்சாலைத் தோழர்களுடன் சேர்ந்து ஒரு ஸ்கிஃபிள் குழுவில் வாசிக்கத் தொடங்கினார். சலவைப் பலகையையும் தேயிலைப் பெட்டியையும் கருவிகளாக்கிய எளியோர் இசை ஸ்கிஃபிள். அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு மாற்றாந்தந்தை ஹாரி கிரேவ்ஸ் வாங்கிக் கொடுத்த பழைய டிரம்ஸ்தான் அவருடைய முதல் முழுமையான கருவித் தொகுதி.

முறையான குருகுலம் இல்லை. இசைக்குறிப்பு வாசிக்கும் பழக்கமும் இல்லை. அவர் பயின்ற பள்ளி நடன மேடை. 1959இல் ரோரி ஸ்டார்ம் அண்ட் தி ஹரிக்கேன்ஸ் குழுவில் சேர்ந்தார். விரல்களில் மோதிரங்கள் அணியும் பழக்கத்தால் 'ரிங்கோ' என்ற பெயர் அந்த நாட்களில் நிலைத்தது. 1960 கோடையில் பட்லின்ஸ் விடுமுறை முகாமில் வாசிப்பு, இலையுதிர் காலத்தில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கைசர்கெல்லர் மதுக்கூடம். இரவுக்கு இரவு, பல மணி நேரம், ஆடுகிறவர்கள் ஆட்டத்தை நிறுத்தாதபடி வாசிக்க வேண்டும். இங்கே ஒரு டிரம்மர் கற்றுக்கொள்ளும் பாடம், காலப்பிரமாணம் பிசகாமல் நீண்ட நேரம் தாங்குவதும் பாடுகிறவரின் மூச்சைக் கவனிப்பதும் ஆகும். பீட்டில்ஸுடன் அவருக்கு நெருக்கம் ஏற்பட்டதும் ஹாம்பர்க்கில்தான்.

1962 ஆகஸ்டில் பீட்டில்ஸ் தங்கள் டிரம்மர் பீட் பெஸ்டை நீக்கிவிட்டு ரிங்கோவை அழைத்தபோது, அவர் அவர்களைவிட அனுபவம் மிக்க தொழில்முறைக் கலைஞர். அதற்கு முன்பே பெஸ்ட் வராத நாட்களில் அவர்களுடன் வாசித்திருக்கிறார். அதே ஆண்டின் தொடக்கத்தில் ஹாம்பர்க்கில் பாடகர் டோனி ஷெரிடனுக்குப் பக்கவாத்தியமாகவும் இருந்திருக்கிறார். ஆகஸ்ட் 18 அன்று போர்ட் சன்லைட் ஊரின் ஹுல்ம் ஹாலில் குழு உறுப்பினராக முதல் நிகழ்ச்சி. 'அதிர்ஷ்டசாலி' என்ற சித்திரம் இந்த ஐந்தாண்டு உழைப்பைக் கணக்கில் கொள்வதில்லை.

3. 1962 செப்டம்பர்: ஆண்டி ஒயிட் சான்று

ரிங்கோவின் திறமையை ஐயுறுவோர் முதலில் காட்டும் ஆவணம் பீட்டில்ஸின் முதல் இசைத்தட்டு. செப்டம்பர் 4 அன்று ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் 'லவ் மீ டூ' ரிங்கோவின் டிரம்ஸுடன் பதிவானது. ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 11 அன்று, அவர்கள் மீண்டும் அழைக்கப்பட்டார்கள். டிரம்ஸின் முன்னால் ஆண்டி ஒயிட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் உட்கார்ந்திருந்தார். ஒலிப்பதிவுகளுக்கு நாள் கூலி பெற்று வாசிக்கும் தேர்ந்த கலைஞர் அவர். ரிங்கோவின் கையில் டாம்பரின் தரப்பட்டது. 'பி.எஸ். ஐ லவ் யூ' பாடலுக்கு அவருக்குக் கிடைத்தது மராக்காஸ். இந்த அவமதிப்பைப் பல ஆண்டுகள் மறக்கவில்லை என்று ரிங்கோவே சொல்லியிருக்கிறார்.

இந்தச் சான்றின் எடை எவ்வளவு? நான்கு செய்திகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, வெளிக் கலைஞரை அழைக்கும் எண்ணம் ரிங்கோ வருவதற்கு முன்பே பிறந்துவிட்டது. ஜூன் 6 அன்று பீட் பெஸ்டுடன் நடந்த பதிவில் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு டிரம்ஸ் நிறைவளிக்கவில்லை. ஒலிப்பதிவுக்கு வேறொருவரை வைத்துக்கொள்வோம் என்று அப்போதே முடிவெடுத்தார்.

இரண்டாவது, அது அன்றைய தொழில் வழக்கம். கிங்க்ஸ் குழுவின் 'யூ ரியலி காட் மீ' பாடலில் வாசித்தவர் ஒலிப்பதிவுக் கலைஞர் பாபி கிரஹாம். அமெரிக்காவில் பேர்ட்ஸ் குழுவின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாடலுக்கு ஹால் பிளெய்ன் வாசித்தார். கூடத்தின் நேரம் விலை உயர்ந்தது. புதிய குழுவின் டிரம்மர் பிசகினால் பதிவு முழுவதும் வீணாகும் என்ற அச்சம் தயாரிப்பாளர்களிடம் பொதுவாக இருந்தது.

மூன்றாவது, 1962 அக்டோபர் 5 அன்று வெளியான முதல் இசைத்தட்டில் இடம்பெற்றது ரிங்கோவின் செப்டம்பர் 4 பதிவுதான். ஒயிட் வாசித்த வடிவம் 1963 மார்ச்சில் வந்த 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' இசைத்தொகுப்பில் இடம்பெற்றது. இரண்டையும் கேட்டுப் பிரிக்க விரும்புவோருக்கு எளிய அடையாளம் டாம்பரின் ஒலி. அது கேட்டால் வாசிப்பவர் ஒயிட்.

நான்காவது, நவம்பர் 26 அன்று 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' பாடல் பதிவானபோது மார்ட்டின் வெளியாள் எவரையும் அழைக்கவில்லை. அடுத்த பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் 10 பாடல்கள் பதிவாயின. எல்லாவற்றிலும் ரிங்கோவே வாசித்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மிச்சம் இருக்கிறது. செப்டம்பர் 4 பதிவு முழு நிறைவு தந்திருந்தால் 11ஆம் தேதி மறுபதிவு தேவைப்பட்டிருக்காது. ரிங்கோவின் வாசிப்பில் குறை கண்டுதான் மறுபதிவு நடந்தது என்பதை மறுக்க இயலாது. பழக்கமில்லாத கூடம், புதிய குழு, பதற்றம் என்று காரணங்கள் சொல்லலாம். ஒரு வாரத்துக் குறை அது. வாழ்நாள் தீர்ப்பாக அதை நீட்டுவதற்கு அடுத்த ஆறு மாதத்து ஆவணங்களே இடம் தரவில்லை.

இதன் தொடர்ச்சியாக வரும் இன்னொரு வாதத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். பீட்டில்ஸின் தொடக்கப் பதிவுகளில் தாமே டிரம்ஸ் வாசித்ததாக அமெரிக்க டிரம்மர் பெர்னார்ட் பர்டி சொல்லி வந்தார். ஈ.எம்.ஐ. ஆவணங்களில் இதற்கு ஆதாரம் இல்லை. பெஸ்ட் காலத்தில் டோனி ஷெரிடனுடன் ஹாம்பர்க்கில் பதிவான பாடல்களை 1964இல் அமெரிக்க நிறுவனம் கூடுதல் டிரம்ஸ் சேர்த்து வெளியிட்டது. பர்டியின் நினைவு இங்கிருந்து விரிந்திருக்கலாம் என்பதே ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் விளக்கம். அந்தப் பாடல்களில் ரிங்கோ இல்லை.

4. நாடாக்களின் சாட்சியம்

ஆபி ரோடின் பதிவு நாடாக்களை முழுமையாகக் கேட்க அனுமதிக்கப்பட்டவர் லூயிசன். அவற்றின் அடிப்படையில் 1988இல் நாள்வாரிப் பதிவேடு போன்ற ஒரு நூலை வெளியிட்டார். ரிங்கோவின் தவறால் ஒரு டேக் (ஒரு பதிவு முயற்சி) பாதியில் நின்றுபோன சந்தர்ப்பங்கள், எட்டாண்டுப் பதிவு வாழ்வில் ஒரு டஜனுக்கும் குறைவு என்பது அவர் வழியாகப் பரவலாக அறியப்பட்ட செய்தி.

அன்றைய தொழில்நுட்பத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் இந்தச் செய்தியின் பொருள் விளங்கும். 1963 அக்டோபர் வரை பீட்டில்ஸ் பயன்படுத்தியது இரண்டு தடங்கள் மட்டுமே கொண்ட நாடா. அதன்பின் 1968 வரை பெரும்பாலும் நான்கு தடங்கள். டிரம்ஸும் பேஸும் கிடாரும் ஒரே தடத்தில் ஒன்றாகப் பதிவாகும். பின்னால் பிரித்தெடுத்துத் திருத்த வழியில்லை. வேகத்தை நிலைநிறுத்தக் காதில் ஒலிக்கும் இயந்திரத் தாளமும் கிடையாது. டிரம்மர் பிசகினால் எல்லாருடைய வாசிப்பும் வீண். ஒரு டேக்கின் முற்பாதியையும் இன்னொன்றின் பிற்பாதியையும் வெட்டி ஒட்டுவது அன்றைய வழக்கம். இரண்டிலும் காலப்பிரமாணம் ஒத்திருந்தால்தான் ஒட்டு தெரியாமல் இருக்கும். சரியான வேகத்தை முதல் முயற்சியிலேயே பிடிக்க ரிங்கோ உதவினார் என்று மார்ட்டின் பின்னாளில் பாராட்டியது இந்தச் சூழலில்தான்.

காலப்பிரமாணம் அடித்தளம் மட்டுமே. அதன் மேல் அவர் கட்டியது என்ன என்பதற்குச் சில பாடல்களை எடுத்துக்கொள்ளலாம்.

1966 ஏப்ரல் 6 அன்று பதிவு தொடங்கிய 'டுமாரோ நெவர் நோஸ்' ஒரே சுரத்தில் நிலைகொண்டு நகரும் பாடல். பாட்டு முழுவதும் மாறாமல் சுழலும் ஒரு தாளக்கட்டை ரிங்கோ வாசிக்கிறார். இயந்திரம் ஒன்றைச் சுழலவிட்டதுபோல் அது ஒலிக்கிறது. அப்போது 20 வயதான ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமரிக், பேஸ் டிரம்முக்குள் கம்பளிச் சட்டையைத் திணித்து, ஈ.எம்.ஐ. விதிமுறை அனுமதித்ததைவிட நெருக்கமாக மைக்கை வைத்து, ஒலியை அமுக்கிப் பதிவுசெய்தார். அந்த ஒலியில் எமரிக்குக்கும் பெரும் பங்கு உண்டு. ஆனால் ஒலிப்பொறியாளர் பெருக்கிக் காட்டியது ரிங்கோ தேர்ந்த தாளக்கட்டை. இடைவெளிகளை நிறைக்கும் நிரப்பு வாசிப்புகளுக்கு இடமிருந்தும் அவற்றைத் தவிர்த்தது அவருடைய முடிவு.

அதே மாதம் பதிவான 'ரெயின்' இதற்கு நேரெதிர். வரிகளுக்கு இடைப்பட்ட ஒவ்வோர் இடைவெளியிலும் ஸ்நேர் டிரம் உருண்டு, தடுக்கி, எழுகிறது. தன் வாசிப்புகளில் இதையே தலையாயதாக ரிங்கோ கருதுகிறார். தான் வாசித்ததுபோலவே இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். அடித்தடத்தை வேகமாக வாசித்துப் பதிந்து, நாடாவின் ஓட்டத்தைக் குறைத்து வெளியிட்டதால் டிரம்ஸுக்கு ஒரு கனம் கூடியது. 2022இல் வெளியான 'ரிவால்வர்' இசைத்தொகுப்பின் சிறப்புப் பதிப்பில் அந்த டேக், வாசித்த அசல் வேகத்திலேயே சேர்க்கப்பட்டது. அதைக் கேட்பவருக்கு இரண்டு உண்மைகள் புலப்படும். கனம் நாடாவின் கொடை. சிக்கலான அந்த நிரப்புகளை அதைவிடக் கூடிய வேகத்தில் பிசிறின்றி வாசித்தது கையின் திறன்.

1967இல் 'எ டே இன் தி லைஃப்' பாடலில் டாம்-டாம்கள் தாளம் காட்டுவதை ஏறக்குறைய விட்டுவிட்டு, லெனனின் குரலுக்கு மறுமொழி சொல்கின்றன. தேர்ந்த டிரம்மரான ஃபில் காலின்ஸ் இந்த நிரப்புகளைச் சுட்டி, இதுபோல் வாசிக்கச் சொன்னால் இன்றைய நல்ல டிரம்மரே திகைப்பார் என்ற கருத்தை வெளியிட்டிருக்கிறார். 1969இல் ஜார்ஜ் ஹாரிசனின் 'ஹியர் கம்ஸ் தி சன்' வேறு விதமான சோதனை. அதன் நடுப்பகுதியில் எண்ணிக்கை 11/8, 4/4, 7/8 என்று மாறிக்கொண்டே போகிறது. எண்ணிக்கையைத் தமக்குப் பழக்கமான வழியில் பிடிக்க முடியாமல், சொந்தமாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டதாக ரிங்கோ சொல்லியிருக்கிறார். கேட்பவர் காதில் அந்தத் தடுமாற்றத்தின் சுவடே இல்லை.

இந்தத் தனித்தன்மைக்கு உடல் சார்ந்த ஒரு விளக்கமும் முன்வைக்கப்படுகிறது. ரிங்கோ பிறவியில் இடக்கைப் பழக்கமுள்ளவர். சிறுவயதில் பாட்டி வலக்கைக்கு மாற்றிவிட்டார். ஆனால் வலக்கைக்காரருக்கு ஏற்ப அடுக்கிய டிரம்ஸில் இடக்கையை முன்வைத்து வாசிக்கிறார். ஸ்நேரில் தொடங்கி டாம்-டாம்களின் வழியே வலப்பக்கமாக இறங்கும் வழக்கமான நிரப்பு அவருக்குக் கை தடுக்கும். ஆகவே ஒரு கணம் தாமதித்து, வேறு திசையில் இறங்குகிறார். இந்த விளக்கம் ரிங்கோவே தருவது, ஏற்கத்தக்கதும்கூட. ஆயினும் இது பாதி விளக்கமே. கை எப்படி நகரும் என்பதை உடல் தீர்மானிக்கலாம். 'டுமாரோ நெவர் நோஸ்' பாடலில் நிரப்பே வேண்டாம், 'ரெயின்' பாடலில் இடமெல்லாம் வேண்டும் என்று தீர்மானிப்பது செவி.

5. யாருடைய ஆக்கம்?

இங்கே ஒரு வலுவான மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். அந்தத் தாளக்கட்டுகள் எல்லாம் ரிங்கோவின் சொந்தக் கண்டுபிடிப்புகளா?

1965 பிப்ரவரியில் பதிவான 'டிக்கெட் டு ரைட்' பாடலின் சிறப்பே தடுக்கித் தடுக்கி நடக்கும் அதன் டிரம்ஸ்தான். 1980 நேர்காணலில் லெனன், அந்தப் பாடலில் மெக்கார்ட்னியின் பங்கு ரிங்கோ டிரம்ஸ் வாசித்த விதம் என்றார். பாடலையே இருவரும் சேர்ந்து எழுதியதாகப் பின்னாளில் மெக்கார்ட்னி கூறினார். லெனனின் கூற்றை ஏற்றால் தாளக்கட்டின் கரு மெக்கார்ட்னியுடையது. மெக்கார்ட்னி தாமே டிரம்ஸ் வாசிக்கத் தெரிந்தவர், தம் பாடல்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தயங்காதவர். எனவே ஒவ்வொரு தாளக்கட்டையும் ரிங்கோவின் தனி ஆக்கமாகக் கொண்டாடுவது வரலாறாகாது.

ஆனால் லெனனின் அந்த ஒரு வாக்கியத்தில் வேறொன்றும் பொதிந்திருக்கிறது. பாடலாசிரியர் ஒருவருக்குப் பங்கு ஒதுக்கும்போது, டிரம்ஸின் அமைப்பையே பாடலாக்கத்தின் ஒரு பகுதியாக லெனன் எண்ணுகிறார். மெக்கார்ட்னி யோசனை சொன்னால் அது ஆக்கம் என்றால், ரிங்கோ யோசித்து வாசிக்கும்போதும் அது ஆக்கமாகத்தான் இருக்க வேண்டும். சட்டமும் வணிகமும் இதை ஏற்கவில்லை. பாடலென்றால் மெட்டும் வரிகளும் என்பதே பதிப்புரிமை வழக்கம். பெரும்பாலான பாடல்கள் லெனன், மெக்கார்ட்னி இருவர் பெயரில் வெளிவந்தன. அவற்றின் உரிமையை வைத்திருந்த நார்தர்ன் சாங்ஸ் நிறுவனம் 1965இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது, லெனனுக்கும் மெக்கார்ட்னிக்கும் தலா 15 சதவீதம். ஹாரிசனுக்கும் ரிங்கோவுக்கும் சேர்த்து 1.6 சதவீதம். 'எ ஹார்ட் டேஸ் நைட்', 'டுமாரோ நெவர் நோஸ்' ஆகிய தலைப்புகளே ரிங்கோ பேச்சுவாக்கில் உதிர்த்த சொற்களிலிருந்து எடுத்தவை. அவற்றிலும் அவர் பெயர் இல்லை. முழுமையாக அவர் பெயரில் பீட்டில்ஸ் வெளியிட்ட பாடல்கள் இரண்டுதான்: 1968இன் 'டோண்ட் பாஸ் மீ பை', 1969இன் 'ஆக்டபஸ்ஸஸ் கார்டன்'.

2021இல் வெளியான பீட்டர் ஜாக்சனின் 'கெட் பேக்' ஆவணப்படம் இந்தக் கூட்டு உழைப்பைக் கண்முன் காட்டுகிறது. 1969 ஜனவரியில் மெக்கார்ட்னி பேஸ் கிடாரை மீட்டி மீட்டி 'கெட் பேக்' பாடலைத் தேடும் காட்சியில் ரிங்கோ எதிரே உட்கார்ந்து கவனிக்கிறார், கைதட்டித் தாளம் சேர்க்கிறார். மணிக்கணக்கான படத்தில் அவர் பெரும்பாலும் பேசாமல் இருக்கிறார். பாட்டு தொடங்கிய மாத்திரத்தில் அதற்கான வாசிப்பு அவரிடம் தயாராக இருக்கிறது. ஒரு பாடல் உருவாகும்போது டிரம்மர் எங்கே இருக்கிறார் என்ற கேள்விக்கு இவ்வளவு நேரடியான காட்சிச் சான்று அரிது.

6. அவர் இல்லாத நாட்கள்

ஒருவரின் பங்கை அவர் இல்லாத நேரத்தில் அளக்கலாம் என்பது ஆய்வில் பயனுள்ள உத்தி. ரிங்கோ விஷயத்தில் அத்தகைய இரண்டு சந்தர்ப்பங்கள் உண்டு.

1964 ஜூன் 3 அன்று தொண்டைச் சதை அழற்சியால் ரிங்கோ விழுந்தார். உலகப் பயணம் மறுநாளே தொடங்கவிருந்தது. ஹாரிசன் எதிர்த்தபோதும், ஜிம்மி நிக்கல் என்ற டிரம்மரை வைத்து டென்மார்க், நெதர்லாந்து, ஹாங்காங், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு ஆகிய இடங்களில் நிகழ்ச்சிகள் நடந்தன. மெல்போர்னில் ரிங்கோ திரும்பச் சேர்ந்துகொண்டார். நிகழ்ச்சிகள் தடைபடவில்லை, கூட்டம் குறையவில்லை. ரிங்கோவுக்கு மாற்று எளிது என்போருக்கு இது நல்ல சான்று. ஆனால் நிக்கல் வாசித்தது என்ன? பீட்டில்ஸ் பாடல்களின் மலிவு விலை மறுபதிவுகளில் அவர் ஏற்கெனவே வாசித்திருந்தார். தாளக்கட்டுகள் அவர் கையில் இருந்தன. அமைத்து முடித்த ஒன்றை இன்னொருவர் திரும்ப வாசிக்க முடியும் என்பதைத்தான் இச்சம்பவம் நிறுவுகிறது. அமைத்தவர் தேவையில்லை என்பதை அது நிறுவவில்லை.

1968 ஆகஸ்ட் 22 அன்று, தாம் நன்றாக வாசிக்கவில்லை, மற்ற மூவருக்கும் நடுவில் அன்னியனாகிவிட்டோம் என்ற மனக்கசப்பில் ரிங்கோ குழுவை விட்டு வெளியேறினார். ஏறத்தாழ இரண்டு வாரம் அவர் சார்டீனியாவில் இருந்தபோது 'பேக் இன் தி யு.எஸ்.எஸ்.ஆர்.', 'டியர் ப்ரூடன்ஸ்' இரண்டும் பதிவாயின. டிரம்ஸை முதன்மையாக மெக்கார்ட்னி பார்த்துக்கொண்டார். முதல் பாடல் நேரான ராக் அண்ட் ரோல். அடித்துச் செல்லும் தாளம் போதும். இரண்டாவதின் இறுதியில் படிப்படியாக ஏறும் டிரம்ஸ் உண்மையிலேயே சிறப்பானது. இதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். மெக்கார்ட்னியால் ரிங்கோவின் பாணியில் ஒரு பாடலைச் சிறப்பாக முடிக்க முடிந்தது. ஆறாண்டுகளாக ரிங்கோ உருவாக்கிய பாணி கண்முன் இருந்த நிலையில் அது இயன்றது என்பதும் உண்மை. குழு எடுத்த முடிவும் ஒரு சான்றுதான். திரும்பி வரச்சொல்லித் தந்தி அனுப்பினார்கள். செப்டம்பரில் அவர் வந்தபோது டிரம்ஸ் மலர்களால் அலங்கரிக்கப்பட்டிருந்தது. தாங்களே வாசித்துச் சமாளிக்க முடியும் என்று தெரிந்த பிறகும் அவரை அழைத்தார்கள்.

7. எல்லைகள்

ரிங்கோவின் எல்லைகளையும் வரையறுக்காமல் மதிப்பீடு முழுமையாகாது. நீண்ட உருட்டு அவருக்கு வராது என்று மார்ட்டின் தொடக்கத்திலேயே கவனித்தார், ரிங்கோவும் மறுத்ததில்லை. ஜிஞ்சர் பேக்கர், ஜான் பான்ஹம் போன்ற டிரம்மர்களிடம் உள்ள வேகமும் விரிவும் அவரிடம் இல்லை. தனி ஆவர்த்தனத்தை வெறுத்தார். பீட்டில்ஸ் பதிவுகளில் அவர் வாசித்த ஒரே தனி, 1969இன் 'தி எண்ட்' பாடலில் ஏறத்தாழ 15 விநாடிகள் வரும் பகுதி. அதற்கும் மற்றவர்கள் வற்புறுத்த வேண்டியிருந்தது. உடன் ஒலித்த கிடாரும் டாம்பரினும் கலவையில் நீக்கப்பட்டதால்தான் அது தனியாக நிற்கிறது.

1970க்குப் பிந்தைய வாழ்க்கையும் கருத்தில் கொள்ளத்தக்கது. அந்த ஆண்டில் லெனனின் முதல் தனி இசைத்தொகுப்பிலும் ஹாரிசனின் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' தொகுப்பிலும் அவர் வாசிப்பு உயர்தரமானது. 1973இல் 'போட்டோகிராஃப்', 1974 தொடக்கத்தில் 'யூ ஆர் சிக்ஸ்டீன்' ஆகிய பாடல்கள் அமெரிக்காவில் முதலிடம் பெற்றன. ஆனால் தம் பெயரில் வந்த தொகுப்புகளில் அவர் பாடகராக முன்னால் நின்றார். டிரம்ஸில் ஜிம் கெல்ட்னர் அடிக்கடி துணைக்கு வந்தார். குடிப்பழக்கத்திலிருந்து 1988இல் மீண்டு, அடுத்த ஆண்டு தொடங்கிய ஆல்-ஸ்டார் பேண்ட் குழுவிலும் இன்னொரு டிரம்மர் உண்டு. 1960களில் இருந்த கண்டுபிடிப்பு வேகம் பின்னர் குறைந்தது. வலுவான பாடல்களும் அவற்றைத் தேடும் கூட்டாளிகளும் இருக்கும்போது அவர் ஆற்றல் மலர்ந்தது என்பதே இதன் பொருள். 2015இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் தந்த தனிச் சிறப்பையும் 2018இல் பெற்ற 'சர்' பட்டத்தையும் திறமைக்கான சான்றாக நான் கொள்ளவில்லை. விருதுகள் புகழை அளப்பவை.

அவருடைய செல்வாக்கு வேறு வகைச் சான்று. 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் தோன்றியபோது அமெரிக்காவில் ஏறத்தாழ 7.3 கோடிப் பேர் பார்த்தனர். ராணுவ வாத்தியத்திலிருந்தும் ஜாஸிலிருந்தும் வந்த மரபில் இடக்கைக் குச்சியை வேறு விதமாகப் பிடிப்பார்கள். ரிங்கோ இரு கையிலும் ஒரே விதமாகப் பிடித்தார். ராக் இசைக்கு அதுவே பொதுவான பிடியாகப் பரவியதில் அந்த ஒளிபரப்புக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் பயன்படுத்திய லட்விக் நிறுவனத்தின் டிரம்ஸுக்குத் தேவை பெருகித் தொழிற்சாலை இரவுபகலாக இயங்கியது. ஆனால் இதுவும் பார்த்தவர்கள் மீதான தாக்கம். பாடல்களுக்குள் அவர் செய்ததை மதிப்பிட இது உதவாது.

8. முடிவு

சான்றுகளைத் தொகுத்தால் கிடைப்பது இது. கைவேகமும் உருட்டும் தனி ஆவர்த்தனமும் அளவுகோல் என்றால் ரிங்கோ நடுத்தரமானவர். லெனனும் மார்ட்டினும் ரிங்கோவும் இதில் ஒருமித்த கருத்துடையவர்கள். ஒலிப்பதிவில் பிசகாத காலப்பிரமாணம் அளவுகோல் என்றால் நாடாக்கள் அவரை முதல் வரிசையில் வைக்கின்றன. பாடலுக்குரிய வாசிப்பை அமைக்கும் ஆற்றல் அளவுகோல் என்றால், 1966 முதல் 1969 வரையிலான பதிவுகளில் அவருக்கு நிகரானவர் ராக் இசையில் மிகச் சிலரே. இந்த மூன்றாவது மதிப்பீட்டில் மெக்கார்ட்னியின் யோசனைகளுக்கும் எமரிக்கின் ஒலி அமைப்புக்கும் உரிய பங்கைக் கழித்த பின்பும் முடிவு மாறுவதில்லை.

முதல் அளவுகோல் ஏன் இவ்வளவு காலம் கோலோச்சியது என்பதற்கும் இங்கே விடை இருக்கிறது. பாடலாசிரியர் பட்டியலில் டிரம்மருக்கு இடமில்லை. பட்டியலைப் பின்பற்றிய விமர்சனம் மெட்டையும் வரிகளையும் ஆராய்ந்தது. டிரம்மரைக் கைத்திறன் கொண்ட தொழிலாளியாக மட்டும் பார்த்தது. தொழிலாளியை வேகத்தால்தானே அளப்பார்கள். பதிப்புரிமை வழக்கம் இப்படி இசை விமர்சனத்தின் கண்ணோட்டமாகவே மாறிவிட்டது.

இனி இதை ஊகமாக விவாதிக்க வேண்டியதில்லை. 'கெட் பேக்' படத்துக்காக உருவான ஒலிப் பிரிப்புத் தொழில்நுட்பம், ஒரே தடத்தில் கலந்து கிடந்த கருவிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்க வழிசெய்திருக்கிறது; 2022 'ரிவால்வர்' பதிப்பு அப்படிக் கலக்கப்பட்டதே. இதன் வழியே ஒவ்வொரு பாடலின் டேக்குகளையும் வரிசையாக வைத்து, எந்தத் தாளக்கட்டு எந்த டேக்கில் பிறந்தது, யார் சொல்லி மாறியது, எது நிலைத்தது என்று ஆராய முடியும். ராக் இசையின் மற்ற டிரம்மர்களுக்கும் இதே முறையைப் பொருத்தலாம். அப்படி ஆராயும்போது ஒரு பாடலின் ஆக்கியோர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, இசைத்தட்டின் உறையில் அச்சிட்டிருக்கும் இரண்டு பெயர்கள் போதுமான விடையாக இருக்காது.